புதுப்பிப்பு: மாடுலர் சின்தசைசர் பேட்ச்சைக் குறித்துவைக்க எது பயன்பட்டது

யூரோராக் சின்தசைசரில் (மாடியூல்கள் எனப்படும் தனித்தனிப் பகுதிகளை ஒரே சட்டத்தில் பொருத்தும் மின்னணு இசைக்கருவி) கட்டிய பேட்ச்சை, அதாவது கேபிள் இணைப்புகளும் குமிழ்நிலைகளும் சேர்ந்த அமைப்பை, கழற்றிய பிறகும் அதே ஒலியைத் திரும்பப் பெறும்படி எவ்வாறு குறித்துவைப்பது என்று இங்கே கேட்டிருந்தேன். விடையளித்த அனைவருக்கும் நன்றி.

புகைப்படம் மட்டும் போதவில்லை; கேபிள்கள் குமிழ்களை மறைத்துவிடுகின்றன. கைகொடுத்தது, ஒவ்வோர் இணைப்பையும் தனி வரியாக எழுதும் பேட்ச்புக் முறைதான். உதாரணமாக, 'மேத்ஸ் (4ஆம் சேனல் இஓசி) >> பிளெய்ட்ஸ் (டிரிகர்)' என்று எழுதி (மேத்ஸ் என்னும் மாடியூலின் 4ஆம் சேனல் ஒரு சுழற்சியை முடிக்கும்போது தரும் சைகை, பிளெய்ட்ஸ் என்னும் ஒலி எழுப்பும் மாடியூலைத் தூண்டுகிறது என்று பொருள்), அதன் கீழே குமிழ்நிலைகளைக் கடிகார முள் கணக்கில், ரைஸ் (மின்னழுத்தம் ஏறும் நேரம்) 10 மணி, ஃபால் (இறங்கும் நேரம்) 2 மணி என்று சேர்க்கிறேன். வெறும் உரைக்கோப்பு என்பதால், ஒரு மாடியூலின் பெயரைத் தேடினாலே அது இடம்பெற்ற பேட்ச்சுகள் அனைத்தும் கிடைத்துவிடுகின்றன. எனக்கு இதுவே பெரிய வசதி.

எதிர்பாராத சிக்கல் ஒன்றும் இருந்தது. பிளெய்ட்ஸில் இடப்பக்கப் பொத்தானை அழுத்தியபடி டிம்பர், மார்ஃப் குமிழ்களைத் திருப்பினால், உள்ளிருக்கும் லோ-பாஸ் கேட்டின் (ஒலியளவையும் ஒலியின் கூர்மையையும் சேர்த்துக் குறைக்கும் பகுதி) தன்மையும் ஒலி தணியும் நேரமும் மாறுகின்றன. இந்த மாற்றம் முகப்பைப் பார்த்தால் தெரியாது, எந்தப் படத்திலும் பதியாது. ஆகவே இத்தகைய மறைவான அமைப்புகளுக்கெனக் கோப்பில் தனி வரி ஒதுக்க வேண்டும்.

சுருதிக்குக் கடிகாரக் கணக்கு உதவாது, ஏனெனில் குமிழ் இம்மியளவு நகர்ந்தாலே அது விலகிவிடும். டியூனர் காட்டும் சுரத்தையே எழுதுங்கள். ஒலிப்பதிவையும் உடன் வைக்கச் சொன்ன யோசனை மிகச் சரியானது: முதலில் அடிப்படை ஒலியை உருவாக்கும் ஆஸிலேட்டரைத் தனியாகவும், பிறகு முழுப் பேட்ச்சையும் சில வினாடிகள் பதிந்து, உரைக்கோப்பின் பெயரையே அதற்கும் இடுகிறேன்.