ஏரியா பேரைக் கேட்டதும் ஸ்டேஷன்ல நடந்தது: வடசென்னைக்காரங்க அனுபவம்

கொருக்குப்பேட்டை

1999. பேசின் பிரிட்ஜ் பக்கம் லேத் பட்டறையில வேலை. ஓவர்டைம் முடிஞ்சி ராத்திரி பன்னெண்டரைக்கு நடந்து வர்றேன், ஜீப் வந்து நின்னுச்சு. "எந்த ஏரியாடா?" சொன்னேன். "ஏறு." நம்ம பக்கம் வளந்தவங்களுக்கு மிச்சத்த நான் சொல்லத் தேவையில்ல. சிட்டி போலீஸ் சட்டம் 75-ம் பிரிவுல கேஸ். குடிச்சிட்டுப் பொது இடத்துல கலாட்டா பண்ணேன்னு எழுதுனாங்க. குடிக்கிற பழக்கமே எனக்குக் கிடையாது. மறுநாள் கோர்ட்டுக்கு முதலாளியே வந்து ஃபைன் கட்டி கூட்டிட்டுப் போனார்.

அதையெல்லாம் மறந்துட்டேன். அந்த மை மட்டும் மறக்கல. பத்து விரலையும் ஒவ்வொண்ணாப் புடிச்சி, மை தடவுன தட்டுல உருட்டி, பேப்பர்ல உருட்டுனாங்க. புடிச்சவர் வயசானவர். "விரல லூசா வுடு தம்பி, இறுக்காத"ன்னு ரொம்ப மெதுவா சொன்னார். அடிச்சிருந்தாகூட இவ்ளோ நாள் நெனப்புல இருந்திருக்காது. வீட்டுக்கு வந்ததும் அம்மா மண்ணெண்ணெய் ஊத்தி, தேங்கா நாரால என் விரலத் தேய்ச்சாங்க. லேத்து வேலக்காரன் கை எப்பவுமே கருப்புதான். இது வேற கருப்புன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்தை கேக்கல.

அந்தப் பேப்பர் இப்ப எங்க இருக்கும்?

ஏட்டையா மகள்

அண்ணா, படிச்சிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியல. எங்க அப்பா முப்பது வருஷம் டிபார்ட்மெண்ட்ல இருந்தார். எல்லா போலீசும் அப்படி இல்லன்னு சொல்லத்தான் வந்தேன். தீபாவளி, பொங்கல்னு ஒரு நாள்கூட அப்பா வீட்ல இருந்தது எனக்கு ஞாபகம் இல்ல. நைட் ரவுண்ட்ஸ்ல ஒவ்வொரு தெருவுலயும், ரவுண்ட்ஸ் வந்ததுக்கு அடையாளமா பட்டா புக்ல கையெழுத்துப் போட்டுட்டு விடியக்காலைல வந்து படுப்பார்.

ஆனா ஒண்ணு சொல்லணும். பத்து வயசுல அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போனேன். லாக்கப்ல ஜட்டியோட ஒரு பையன் நின்னுட்டிருந்தான். எங்க குவார்ட்டர்ஸ் பின்னாடி கேரம் ஆடுற அண்ணன். எனக்கு ஸ்ட்ரைக்கர் புடிக்கக் கத்துக்கொடுத்தவன். என்னப் பாத்ததும் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டான். முதுகுல எலும்பெல்லாம் எண்ணலாம். அப்பா என் கையில இருந்த கேரியர வாங்கி, அவசரமா என்னை வெளிய அனுப்பிட்டார். அன்னிக்கு அப்பா சாப்பிடல, கேரியர் அப்படியே திரும்பி வந்துச்சு. கடைசி வரைக்கும் நான் அவர்கிட்ட அதப் பத்திக் கேக்கல.

ராயபுரம், வயசு 71

கொருக்குப்பேட்டைத் தம்பி, ரேகை உங்க காலத்துக் கதை மட்டும் இல்ல. எங்க தாத்தா உசிலம்பட்டிப் பக்கத்துலேர்ந்து ஹார்பருக்கு மூட்டை தூக்க வந்தவர். ஊர்ல அதுக்குப் பேரே ரேகைச் சட்டம். வெள்ளைக்காரன் 1871-ல வடக்கே கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல நம்ம மாகாணத்துக்கும் வந்துச்சு. பொறந்த சாதிக்காகவே ரேகை வைக்கணும், ராத்திரி ஊர விட்டுப் போகணும்னா ராதாரிச் சீட்டு வாங்கணும். வைக்க மாட்டோம்னு சொன்னதுக்கு 1920 ஏப்ரல் 3-ல பெருங்காமநல்லூர்ல சுட்டாங்க. மாயக்காள்னு ஒரு பொம்பளையும் அதுல செத்தாங்க. 1947-ல மதராஸ்ல சட்டத்த எடுத்தாங்க. மறு வருஷமே வழக்கமான குற்றவாளிகள்னு வேற சட்டம் வந்துருச்சு.

தாத்தா சாகுற வரைக்கும் காக்கிச் சட்டையப் பாத்தா, போஸ்ட்மேனா இருந்தாகூட, துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு எந்திரிச்சு நிப்பார். சின்ன வயசுல எனக்கு அது மரியாதையாத்தான் தெரிஞ்சுது.

தண்டையார்பேட்டை, கோர்ட் குமாஸ்தா வேலை பார்த்தவன்

என்னையும் ஒரு தடவை பாலத்துக்கிட்ட நிறுத்தி லைசென்ஸ் கேட்டாங்க, காட்டினேன், விட்டுட்டாங்க. என் கதை அவ்வளவுதான். ஆனா தம்பி கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லாததால எழுதறேன்.

1999-ல நடைமுறைல இருந்தது 1920-ம் வருஷத்துக் கைதிகள் அடையாளச் சட்டம். ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ கடுங்காவல் விதிக்கக்கூடிய குற்றத்துல கைதானாத்தான் போலீஸ் தானா ரேகை எடுக்கலாம். இல்லன்னா மாஜிஸ்திரேட் உத்தரவு வேணும். உங்க மேல போட்ட 75-ம் பிரிவு கேஸுக்கு அப்படி எடுத்ததே தப்பு. இப்ப நெலம வேற. 2022-ல வந்த சட்டப்படி எல்லாக் கைதுக்கும் எடுக்கலாம், பதிவை 75 வருஷம் வெச்சிருக்கலாம். பசங்களுக்கு இத சொல்லி வைங்க.

அடுத்தது கிரிமினல் நடைமுறைச் சட்டம் 110-ம் பிரிவு, நன்னடத்தைப் பத்திரம். "இனிமே ஒழுங்கா இருப்பேன்"னு எழுதிக் கொடுக்கச் சொன்னா, பெட்டிக்கடையில கையெழுத்துப் போடற மாதிரி போடாதீங்க. மீறுனதா சொல்லி, பத்திரத்துல மிச்சமிருக்கிற காலம் முழுக்க உள்ள தள்ளியிருக்காங்க. 2024 ஜூலைலேர்ந்து புதுச் சட்டத்துல அந்த 110-தான் 129. சென்னையில துணை கமிஷனர்களே மாஜிஸ்திரேட் மாதிரி இருந்து இந்தப் பத்திரங்கள விசாரிச்சாங்க. அவங்களுக்கு அந்த அதிகாரம் கொடுத்த அரசாணை செல்லாதுன்னு 2023-ல ஹைகோர்ட் சொல்லிருச்சு. கைது பண்ணா கைதுக் குறிப்பு எழுதி, சாட்சி கையெழுத்து வாங்கி, வீட்டுக்குத் தகவல் சொல்லணும்னு டி.கே. பாசு வழக்குல 1996-லயே சுப்ரீம் கோர்ட் சொன்னது. கேக்கற உரிமை நமக்கு இருக்கு. கண்காணிக்கறதுக்காக உங்க பேர்ல போலீஸ் ஹிஸ்டரி ஷீட் வெச்சிருந்து, ரொம்ப வருஷமா கேசே இல்லன்னா, மூடச் சொல்லி ஹைகோர்ட்ல ரிட் போடலாம். ஏட்டையா மகளும் இதப் படிக்கணும். அப்பா நல்லவரா இருந்தது வேற, அந்தப் பையன ஜட்டியோட நிக்க வெச்சது வேற.

வியாசர்பாடி அக்கா

அந்தப் பொண்ணு பத்து வயசுல பாத்தத சொல்லுது, அதுக்கு ஏன் அண்ணே கேஸ் நடத்தறீங்க? பாவம், அது அப்பாவோட கேரியரத் தூக்கிட்டுப் போன கொழந்த.

நாங்க ஸ்டேஷனுக்குப் போனது புகார் கொடுக்க. பஸ் ஸ்டாப்புல எங்க அம்மா தாலிச் செயின அறுத்துட்டு ஓடிட்டானுங்க. கழுத்துல ரத்தக்கோடு. உள்ள இருந்தவர் அட்ரஸக் கேட்டார், பேனாவ மூடி வெச்சார். "உங்க ஏரியா பசங்கதாம்மா, நீயே கேட்டு வாங்கிக்க"ன்னார். கஷ்டப்பட்டுச் சீட்டுப் போட்டு வாங்குன மூணு சவரன். அம்மா எதுவும் பேசாம வெளிய வந்தாங்க. எதிர்த்த கடையில மஞ்சக் கயிறும் ஒரு விரலி மஞ்சளும் வாங்கி, ஸ்டேஷன் படியிலயே உக்காந்து முடிச்சிப் போட்டுக் கட்டிக்கிட்டாங்க. பாராவுல நின்ன பொம்பளை போலீஸ் ஓடிவந்து எங்க அம்மா முடிய ஒதுக்கிப் புடிச்சிக்கிட்டா. அவளேதான் உள்ள கூட்டிட்டுப் போய், ரைட்டர்கிட்ட நின்னு சண்டை போட்டு, புகார் வாங்குனதுக்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக் கொடுத்தா. செயின் கிடைக்கல. அவ பேரக் கேக்காம வந்துட்டேன், அதுதான் இன்னிக்கும் உறுத்துது.

கொருக்குப்பேட்டை

குமாஸ்தா அண்ணே, தப்புதான்னு ஒருத்தர் சொல்லி இப்பத்தான் கேக்கறேன். நன்றி.

போன மாசம் ரேஷன் கடையில ரேகை வெக்கச் சொன்னாங்க. மிஷின்ல பதியல. லேத்துல தேஞ்ச விரல், எனக்கு எப்பவும் பதியாது. கடைக்காரப் பொண்ணு என் விரலப் புடிச்சி, "இறுக்காதீங்கண்ணே, லூசா வுடுங்க"ன்னுது. சட்டுனு கைய இழுத்துக்கிட்டேன். பின்னாடி க்யூவுல நின்ன எம் பொண்ணு கேட்டா, "இன்னாப்பா ஆச்சு?"