நாத்திகரா, அறியொணாவாதியா? கோடு எங்கே?

கரிசல்:
கடவுள் நம்பிக்கை இல்லை. ஆனால் 'இல்லவே இல்லை' என்று அடித்துச் சொல்லவும் வரவில்லை. நாத்திகர் என்றால் "நிரூபி பார்க்கலாம்" என்கிறார்கள். அறியொணாவாதி (agnostic) என்றால் "மதில்மேல் பூனை" என்கிறார்கள். இரண்டும் எங்கே பிரிகின்றன?

வடகரை:
இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்பதால் வரும் சிக்கல் இது. 'கடவுள் இருப்பதாக நம்புகிறேனா?' ஒன்று. 'இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியுமா?' இன்னொன்று. முதலாவதற்கு ஆம் என்று சொல்லாதவர் நாத்திகர். இரண்டாவதற்குத் தெரியாது என்பவர் அறியொணாவாதி. நீங்கள் இரண்டுமே. "உறுதியாகத் தெரியாது, ஆனால் கும்பிடுகிறேன்" என்பவரும் அறியொணாவாதிதான், ஆத்திகப் பக்கத்து அறியொணாவாதி.

அந்தத் 'தெரியாது' என்பதிலும் கவனம் வேண்டும். 'எனக்கு இப்போது தெரியாது' என்பதற்குச் சான்று தேவையில்லை. 'யாராலும் என்றைக்கும் அறிய முடியாது' என்றால் அதை நிறுவும் பொறுப்பு உங்கள் தலையில் ஏறிவிடும். விவாதத்தில் பலர் வழுக்கும் இடம் இது.

நாலாம்பக்கம்:
வடகரை சொல்லும் பிரிவினை இணையத்தில் செல்லுபடியாகும். மெய்யியல் (தத்துவ) துறையில் பலர் ஏற்பதில்லை. அங்கே நாத்திகம் என்றால் 'கடவுள் இல்லை' என்ற முடிவு. வெறும் நம்பிக்கையின்மை போதும் என்றால் தொட்டில் குழந்தையும் நாத்திகர்தான்! அந்தத் தளர்ந்த பொருளுக்காக 1970களில் வாதாடியவர் ஆங்கிலேய மெய்யியலாளர் ஆன்டனி ஃப்ளூ.

அறியொணாவாதி என்பதற்கான ஆங்கிலச் சொல்லை 1869இல் உருவாக்கியவர் ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி. அவருக்கு அது ஒரு முறை: போதிய சான்று இல்லாததை உறுதி என்று சொல்லாதே. ஆகவே 'ஐம்பதுக்கு ஐம்பது' என்று புரிந்துகொள்வது தவறு. இல்லாதிருக்கவே வாய்ப்பு மிக அதிகம் என்று கருதுபவரும் அந்தப் பெயருக்குள் நிற்கலாம்.

வைகைமேடு:
எந்தக் கடவுள் என்று யாரும் கேட்கவில்லையே! உலகைப் படைத்துவிட்டு ஒதுங்கிவிட்ட கடவுளைச் சோதிக்க வழியே இல்லை. அங்கே 'தெரியாது' நியாயம். வேண்டினால் நோயைத் தீர்க்கும் கடவுள் என்றால் நடந்ததா இல்லையா என்று பார்க்கலாம். அங்கேயும் 'தெரியாது' என்பது நழுவல். மெய்யியலாளர் பெர்ட்ரண்ட் ரசலும் இரட்டை நிலைதான் எடுத்தார்: மெய்யியலாளர் கூட்டத்தில் அறியொணாவாதி, தெருவில் போகிறவரிடம் நாத்திகர். கிரேக்கக் கவி ஹோமர் பாடிய தெய்வங்கள் இல்லை என்பதற்கும் கறாரான நிரூபணம் கிடையாது என்பது அவர் காட்டிய உதாரணம்.

நம் மண்ணிலும் இந்தப் பிரிவு பழையது. பாலி மொழியில் உள்ள சாமஞ்ஞபல சுத்தம் என்ற பௌத்த நூலில், புத்தர் காலத்துச் சிந்தனையாளர் அஜித கேசகம்பலி மறுமையே கிடையாது என்று மறுக்கிறார். அதே நூலில் இன்னொரு சிந்தனையாளர் சஞ்சய பெலட்டிபுத்தர், உண்டு என்றும் சொல்லமாட்டேன், இல்லை என்றும் சொல்லமாட்டேன் என்கிறார். பௌத்தர்கள் அவரைப் பிடிகொடுக்காமல் நழுவும் விலாங்கு மீனோடு ஒப்பிட்டார்கள். மணிமேகலையில் வரும் பூதவாதி (எல்லாம் பூதங்களின் சேர்க்கையே என்பவர்) அஜிதர் பக்கம். 'கடவுள் இல்லவே இல்லை' என்ற பெரியாரைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம்.

கரிசல்:
அப்படியானால் "நிரூபி" என்பவருக்கு என்ன பதில்?

வடகரை:
"நான் நம்பவில்லை" என்று மட்டும் சொன்னால் நிரூபிக்க வேண்டியவர் அவர். "இல்லை" என்று சொன்னால் காரணம் சொல்ல வேண்டியவர் நீங்கள். வைகைமேடு சொன்னபடி, முதலில் எந்தக் கடவுள் என்று கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே தடுமாறுவார்கள்.