1,000 வெள்ளிக்குள் ஒரு கேமரா: சிங்கப்பூரில் வாங்கி ராயபுரத்துக்கு எடுத்து வரலாமா?

கல்மண்டபத்துக்காரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ராயபுரம் கல்மண்டபம் பகுதியைச் சேர்ந்த நான் தற்போது சிங்கப்பூரில் வேலை அனுமதிச் சீட்டில் இருக்கிறேன். மே மாதம் விடுப்பில் ஊருக்கு வருவதற்குள் ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கிவிட வேண்டும் என்று, வீட்டுக்கு அனுப்பியது போக மிஞ்சியதில் 1,000 சிங்கப்பூர் வெள்ளியை ஒதுக்கி வைத்திருக்கிறேன். அதற்கு மேல் கூட்ட இயலாது. மெமரி கார்டும் பையும்கூட அந்தத் தொகைக்குள்ளேயே அடங்க வேண்டும்.

எடுக்க விரும்புபவை இரண்டு. ஒன்று, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும் ஏலம். மற்றொன்று, பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சிறிய மண்டபத்தில் நடக்கவிருக்கும் என் தங்கையின் வளைகாப்பு. இரண்டிலும் வெளிச்சம் குறைவு. சென்ற முறை கைபேசியில் எடுத்தபோது ஏலம் போடுபவர்களின் முகமெல்லாம் மெழுகு பூசியது போல வழவழவென்று ஆகிவிட்டது.

புதிய கேமராவை அதோடு பெட்டியில் வரும் கிட் லென்ஸுடன் வாங்குவதா, அல்லது பழைய பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) ஒன்றை வாங்கி நல்ல லென்ஸில் பணத்தைப் போடுவதா என்பது என் முதல் கேள்வி. இங்கேயே வாங்குவதா, சென்னை வந்து வாங்குவதா என்பது இரண்டாவது. பர்மா பஜாரில் கடை வைத்திருக்கும் மாமா ஒருவர், மெகாபிக்சல் அதிகமாக இருப்பதைப் பார்த்து வாங்கினால் போதும் என்கிறார். அதை நம்புவதா என்றும் தெரியவில்லை.


பழைய வண்ணை ஸ்டுடியோ:

தம்பி, மாமாவை மதிப்போம், மெகாபிக்சலை விட்டுவிடுவோம். இன்று கடையில் கிடைக்கும் தொடக்கநிலை மிரர்லெஸ் கேமராக்களில் பெரும்பாலானவை 20 முதல் 24 மெகாபிக்சல் வரை கொண்டவை. மண்டபத்து ஆல்பத்துக்கு அதில் பாதியே போதும்.

கணக்கிட வேண்டியது வெளிச்சத்தை. லென்ஸின் எஃப் எண் சிறிதானால் துளை பெரிது, உள்ளே வரும் வெளிச்சமும் அதிகம். கேனான் ஆர்50 கேமராவோடு பெட்டியில் வரும் 18-45 மி.மீ. லென்ஸின் துளை அகலக் கோணத்தில் எஃப் 4.5, நீளக் கோணத்தில் எஃப் 6.3. சோனியின் 16-50 மி.மீ. லென்ஸில் அது எஃப் 3.5 முதல் 5.6 வரை. வெயிலில் இவற்றைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எஃப் 1.4 துளையுள்ள ஒரு லென்ஸ், எஃப் 5.6 விடுவதைப் போல 16 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கிட் லென்ஸில் ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்திறனை 12,800 வைத்துத் திணறி எடுக்கும் அதே படத்தை, அதே ஷட்டர் வேகத்தில், ஐஎஸ்ஓ 800 வைத்தே எடுத்துவிடலாம் என்பது இதன் பொருள். பழைய பாடிக்கும் புதிய பாடிக்கும் இடையே இவ்வளவு பெரிய வேறுபாடு கிடையாது. இரண்டும் ஒரே அளவு சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) கொண்டவை என்றால் இருட்டில் காணும் வித்தியாசம் இன்னும் சிறிது.

ஆகவே என் யோசனை, 2014ஆம் ஆண்டு வெளிவந்த சோனி ஏ6000 பாடியைப் பழையதாக வாங்கி, சிக்மா 30 மி.மீ. எஃப் 1.4 லென்ஸை அதில் பொருத்துங்கள் என்பதுதான். இரண்டும் சேர்ந்து உங்கள் தொகைக்குள் முடியும். அந்தச் சென்சாரில் 30 மி.மீ. என்பது, 35 மி.மீ. ஃபிலிம் கேமராவில் ஏறத்தாழ 45 மி.மீ. லென்ஸ் தரும் பார்வைக் கோணத்தைத் தரும். ஏலக்கூட்டத்தில் நெருங்கி நிற்கவும் மண்டபத்தில் இரண்டு மூன்று பேரைச் சேர்த்து எடுக்கவும் அது பொருந்தும். படநடுக்கத்தைத் தடுக்கும் வசதி பாடியிலும் இல்லை, அந்த லென்ஸிலும் இல்லை என்று சிலர் எச்சரிப்பார்கள். அந்த வசதி உங்கள் கை நடுக்கத்தைத்தான் திருத்தும், ஏலம் கூறுபவரின் கை வீச்சைத் திருத்தாது. அவரை நிறுத்திப் பிடிக்க எப்படியும் 1/125 வினாடியாவது வேண்டும். அந்த வேகத்தில் உங்கள் கை ஒரு பொருட்டல்ல.

எதை வாங்கினாலும் வ்யூஃபைண்டர் (கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்கும் துளை) உள்ளதாகப் பாருங்கள். சோனி இசட்வி-இ10, நிக்கான் இசட்30 இரண்டிலும் அது கிடையாது. காசிமேட்டில் சூரியன் கடலிலிருந்து நேரே நம் முகத்தில் எழும்போது பின்புறத் திரையில் ஒன்றும் தெரியாது.


தண்டையார்பேட்டையிலிருந்து:

கேமரா நுணுக்கம் எனக்குத் தெரியாது. சிங்கப்பூரில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் வாங்கும் இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

விமான நிலையத்தில் ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறலாம் என்று உடன் தங்கியிருப்பவர்கள் சொல்லியிருந்தால், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்தச் சலுகை சுற்றுலாப் பயணிகளுக்கு உரியது. அங்கே வேலை பார்ப்பவர்களுக்குக் கிடையாது. 2024 முதல் அங்கு ஜிஎஸ்டி 9 சதவீதம். நீங்கள் அதைச் செலுத்தித்தான் ஆக வேண்டும். ஆனாலும் இந்தியாவில் கேமராவுக்கு 18 சதவீதம். மேலும், சென்னையில் வாங்கிச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோனால், அங்கு நுழையும்போது பயணிகளுக்குத் தரப்படும் ஜிஎஸ்டி விலக்கும் வேலை அனுமதிச் சீட்டுக்காரர்களுக்குப் பொருந்தாது. சட்டப்படி அந்த 9 சதவீதத்தை அங்கேயும் கட்ட வேண்டியிருக்கும். கேமரா உங்களோடு சிங்கப்பூர் திரும்பப் போகிறது என்றால் சென்னையில் வாங்குவதில் ஒரு லாபமும் இல்லை. பழுது வந்தாலும் நீங்கள் இருக்கும் ஊரில்தான் உத்தரவாதம் வேண்டும். பல நிறுவனங்கள் வாங்கிய நாட்டைத் தாண்டி அதை ஏற்பதில்லை.

பழையது வாங்குவதானால் கோல்மன் தெருவில் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம் போய்ப் பாருங்கள். பழைய கேமராக் கடைகளுக்குப் பெயர்பெற்ற இடம். கேரோசல் என்ற இணையச் சந்தையில் தனிநபரிடம் வாங்கினால் விலை குறையலாம், ஆனால் பாதுகாப்பும் குறையும். 2012 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த, குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் அந்நாட்டு லெமன் சட்டத்தின்படி, பொருளைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். கடையில் வாங்கும் பழைய பொருளுக்கும் இது செல்லும். தனிநபர் விற்பனைக்குச் செல்லாது. சில கடைகளில் ஜப்பானிலிருந்து நேராக வந்த சோனி கேமராக்களை மலிவாகக் காட்டுவார்கள். அந்த உள்நாட்டு மாடல்களின் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும், மாற்ற முடியாது. கையில் வாங்கியதும் மொழிப் பட்டியலைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

சென்னை விமான நிலையச் சுங்கத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பயன்பாட்டில் இருக்கும் சொந்தப் பொருளாகத் தோளில் மாட்டி வருவது வேறு, உறை பிரிக்காத பெட்டியாகக் கொண்டு வருவது வேறு. தீர்வையில்லாமல் கொண்டுவரும் பொருள்களின் மதிப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2016ஆம் ஆண்டின் பேகேஜ் விதிகள் அதை 50,000 ரூபாய் என்று வகுத்தன. நடப்பு வரம்பைச் சுங்கத்துறைத் தளத்தில் பார்த்துக்கொண்டு, ரசீதையும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.


வியாசர்பாடி நடுக்களம்:

ஸ்டுடியோ அண்ணனின் வெளிச்சக் கணக்கு சரி. முடிவில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் பகுதிக் கால்பந்துப் போட்டிகளை எடுப்பவன் என்பதால் சொல்கிறேன்: முதல் கேமரா வாங்குபவருக்குப் படம் கெடுவது இரைச்சலால் (ஐஎஸ்ஓ கூடும்போது படத்தில் தோன்றும் புள்ளிகளால்) அன்று, பெரும்பாலும் ஃபோகஸ் தவறுவதால்தான். எஃப் 1.4 இல் மிக அருகிலிருந்து எடுத்தால், கண்ணில் ஃபோகஸ் இருக்கும்போது காது மங்கிவிடும். அந்த அளவுக்குக் கூர்மை ஒரு மெல்லிய பட்டைக்குள் அடங்கிவிடுகிறது. 2023இல் வந்த ஆர்50, மனிதர்களைத் தானே கண்டறிந்து, அவர்கள் நகர்ந்தாலும் கண்ணைத் தொடர்கிறது. ஏ6000இலும் கண்ணைத் தேடும் வசதி உண்டு என்றாலும், நகரும் கூட்டத்தில் அது இந்த அளவுக்கு ஈடுகொடுக்காது. பத்தாண்டுக்கு மேல் பழைய பாடியில் அதையெல்லாம் எதிர்பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள்.

இன்னொன்று, துறைமுக விளக்கிலும் மண்டபத்து டியூப்லைட்டிலும் கோடு கோடாகப் பட்டை விழுந்தால் கேமராவைச் சந்தேகிக்க வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு வினாடிக்கு 100 முறை மினுக்குகிறது. 1/100 அல்லது 1/50 வினாடி வைத்தால் பட்டை மறையும்.


காசிமேடு விசைப்படகு:

எல்லாரும் கேமராவைப் பேசுகிறீர்கள். தம்பி வருகிற மாதத்தை யாரும் கவனிக்கவில்லையே. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மே மாதத்தில் எங்கள் விசைப்படகு ஒன்றுகூடக் கடலுக்குப் போகாது. பைபர் படகுகள் போய்வரும், அவை கொண்டுவரும் மீனுக்குச் சிறிய அளவில் விற்பனையும் நடக்கும். ஆனால் நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் அந்தப் பெரிய ஏலத்தை அப்போது பார்க்க முடியாது. ஜூன் பிற்பாதிக்கு விடுப்பை மாற்ற முடிந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். முடியாவிட்டாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை: படகுகளுக்குப் பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, வலை பின்னுவது எல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான் நடக்கும், அதுவும் பட்டப்பகலில். வேலை செய்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். பக்கத்துப் பெரிய துறைமுக வளாகத்தின் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம். அங்கே அனுமதியில்லாமல் எடுக்கக்கூடாது.


கல்மண்டபத்துக்காரன்:

தடைக்காலம் என் நினைவுக்கு வரவே இல்லை. சொன்னதற்கு நன்றி அண்ணா. வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டதால் விடுப்பை மாற்ற வழியில்லை. எனவே துறைமுகத்தில் பகல்நேரப் படங்களோடு நிறுத்திக்கொள்கிறேன்; ஏலத்தை அடுத்த விடுப்பில் பார்க்கலாம். இதற்கிடையே வீட்டில் பேசியபோது, பெரியண்ணனின் பழைய கேனான் டிஎஸ்எல்ஆர் கெட்டுப்போய்விட்டாலும் அதன் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் மட்டும் பீரோவில் இருப்பதாகத் தெரிந்தது. அது எதற்காவது பயன்படுமா?


பழைய வண்ணை ஸ்டுடியோ:

பயன்படும் தம்பி. இதனால் என் பரிந்துரையும் மாறுகிறது. நான் பழைய சோனியைச் சொன்னது விடியலுக்கு முந்தைய இருட்டை எண்ணி. துறைமுகம் இப்போது பகல் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. அதற்குக் கிட் லென்ஸே போதும். மிச்சமிருக்கும் இருட்டு மண்டபத்தில் மட்டும்தான், அதற்கு உங்கள் வீட்டிலேயே லென்ஸ் இருக்கிறது.

கேனான் ஆர் வரிசை கேமராக்களில், டிஎஸ்எல்ஆருக்கான பழைய இஎஃப் வகை லென்ஸைப் பொருத்துவதற்கென்று அந்த நிறுவனமே ஓர் அடாப்டர் விற்கிறது. அதனுள் கண்ணாடி எதுவும் இல்லை, வெறும் இடைவளையமும் மின்தொடர்பும்தான்; ஆகையால் வெளிச்சம் குறையாது, ஆட்டோஃபோகஸும் வேலை செய்யும். ஆர்50 சென்சாரில் 50 மி.மீ. என்பது 80 மி.மீ. போல நெருக்கமாகத் தெரியும். தங்கைக்கு வளையல் அடுக்கும் கைகளையும் முகத்தையும் நான்கைந்து அடி தள்ளி நின்றே எடுக்கலாம். மேடை முழுவதும் வேண்டும்போது கிட் லென்ஸை மாட்டுங்கள்; வீடியோக்காரரின் விளக்கு எரியும்வரை காத்திருந்து எடுத்தால் அதுவும் தேறிவிடும்.

ஆர்50 புதியதாக வாங்கினால் அடாப்டரோடு சேர்த்து உங்கள் தொகையை மீறக்கூடும். அப்படியானால் தண்டையார்பேட்டை நண்பர் சொன்னதுபோல் கடையில் பழைய ஆர்50 தேடுங்கள். ஆர்100 அதைவிட மலிவு, வ்யூஃபைண்டரும் உண்டு. ஆனால் அதன் திரை அசையாது, தொட்டால் இயங்காது, ஆட்டோஃபோகஸும் ஒரு தலைமுறை பழையது. பழையதைத் தேடிப் பிடித்தாலும் ஆர்50தான் மேல் என்பேன். கடையில் எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்; சென்சாரில் கறையோ தூசியோ இருந்தால் புள்ளிகளாகத் தெரிந்துவிடும்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நம் ஊர்க் கடற்காற்றில் ஆண்டுக்கணக்கில் பீரோவில் கிடந்த லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்க நிறைய வாய்ப்புண்டு. பெரியண்ணனிடம் சொல்லி, லென்ஸின் இரண்டு மூடிகளையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து கைபேசி டார்ச்சைச் சாய்வாக அடித்து, முன்பக்கத்திலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கேமராவில் இல்லாதபோது இந்த வகை லென்ஸின் துளை முழுதாகத் திறந்தே இருக்கும் என்பதால் உள்ளே எல்லாம் தெரியும். ஓரிரண்டு தூசி இருந்தால் பொருட்படுத்த வேண்டாம். வெண்ணிற மெல்லிய இழைகள் கிளைவிட்டுப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. இவ்வளவு மலிவான லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்ய ஆகும் கூலிக்கு இன்னொன்றையே வாங்கிவிடலாம். அப்படி ஆகிவிட்டால் அடாப்டர் தேவையில்லை. ஆர் வரிசைக்கென்றே வரும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் பழையதாகத் தேடுங்கள். படத்தை இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.