சிகாகோவில் ஒரே நாளில் இரண்டு பேஸ்பால் மேட்ச்: மகளோடு முடியுமா?

இண்டியானாபொலிஸ் அப்பா கேட்டது:

வணக்கம். மகளுக்கு 11 வயது, சாஃப்ட்பால் ஆடுகிறாள். கோடை விடுமுறைக்குச் சிகாகோ வருகிறோம். நாங்கள் அங்கே இருக்கும் வெள்ளிக்கிழமை மதியம் 1:20-க்கு ரிக்லி ஃபீல்டில் கப்ஸ் மேட்ச், மாலை 6:40-க்கு ஒயிட் சாக்ஸ் மேட்ச். இரண்டையும் பார்த்தே ஆகணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். வெயிலில் பிள்ளை வாடிப் போவாள் என்று என் மனைவிக்குக் கவலை. முதல் மேட்ச்சை, ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவதோடு விட்டுவிட்டுக் கிளம்பினால்தான் அடுத்ததைப் பிடிக்க முடியுமா? காரில் போகலாமா?

ரெட் லைன் வாசி:

தாராளமாக முடியும். நானும் மனைவியும் இப்படி ஒரு வெள்ளிக்கிழமை அமையுமா என்று அட்டவணை வந்ததும் தேடுவோம். இரண்டு அணியும் ஒரே நாளில் ஊரில் ஆடுவது அபூர்வம், விட்டுவிடாதீர்கள்.

ஏழாவது இன்னிங்ஸில் எழுந்து வர அவசியமே இல்லை. 2023-இல் பிட்ச் கிளாக் (பந்து வீச நேர வரம்பு வைக்கும் கடிகாரம்) வந்த பிறகு ஒரு மேட்ச் சராசரியாக 2 மணி 40 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. நாலு, நாலேகாலுக்கு வெளியே வந்துவிடலாம். சமநிலையாகி எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ் போனாலும் நேரம் இருக்கிறது.

காரை ஹோட்டலிலேயே விட்டுவிடுங்கள். ரிக்லியைச் சுற்றி வீடுகள்தான், பார்க்கிங் கிடைப்பது கஷ்டம். இரண்டு ஸ்டேடியமும் ரெட் லைன் என்ற நகர ரயில் பாதையில்தான் இருக்கின்றன. ரிக்லி பக்கத்து அடிசன் ஸ்டேஷனில் ஏறி சாக்ஸ்-35த் ஸ்டேஷனில் இறங்கினால் போதும். வண்டி மாற வேண்டாம், சுமார் அரை மணி நேரம். மேட்ச் விட்டதும் அடிசனில் கூட்டம் பிதுங்கும். வடக்கே அரை மைல் போல நடந்து ஷெரிடனில் ஏறுங்கள். அது அடிசனுக்கு முந்தைய ஸ்டேஷன் என்பதால் பிள்ளைக்கு உட்கார இடம் கிடைக்கும்.

ரிக்லியில் மூன்றாவது பேஸ் பக்கம் டிக்கெட் எடுங்கள், மதியத்தில் சீக்கிரம் நிழல் விழுவது அங்கேதான். 200-களில் எண்ணிட்ட பகுதிகளின் பின்வரிசைகளில் நல்ல நிழல் உண்டு, ஆனால் தூண்கள் மறைக்கும். இருக்கையிலிருந்து என்ன தெரிகிறது என்று படம் பார்த்துவிட்டு வாங்குங்கள். அவுட்ஃபீல்டுக்குப் பின்னால் உள்ள பிளீச்சர் (திறந்தவெளி பெஞ்சு) பக்கம் வேண்டவே வேண்டாம், முழு வெயில்.

வண்டியில் வரும்போது மகளுக்கு பில் வீக் கதையைச் சொல்லுங்கள். ரிக்லியின் அவுட்ஃபீல்டு சுவரில் படர்ந்திருக்கும் ஐவி கொடி, 1937-இல் அவர் கப்ஸ் அலுவலகத்தில் இளைஞராக வேலை பார்த்தபோது நட்டது. அதே ஆண்டு வந்த ஸ்கோர்போர்டில் இன்றும் ஆட்கள் உள்ளே நின்று எண்களைக் கையால் மாற்றுகிறார்கள். அந்த வீக்தான் பிற்பாடு ஒயிட் சாக்ஸை வாங்கி, ஹோம் ரன் அடித்தால் வாணம் வெடிக்கும் ஸ்கோர்போர்டை 1960-இல் வைத்தார். இப்போதைய ஸ்டேடியம் 1991-இல் வந்தது, வாணம் மட்டும் இன்னும் வெடிக்கிறது.

ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் எல்லாரும் எழுந்து நின்று 'டேக் மீ அவுட் டு த பால் கேம்' பாடுவார்களே, அதற்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு. ஹாரி கேரி சாக்ஸ் வர்ணனையாளராக இருந்தபோது தனக்குள் பாடிக்கொண்டிருப்பதை வீக் கவனித்து, மைக்கை மைதானம் முழுக்கத் திறந்துவிட்டார். 1982-இல் கேரி கப்ஸுக்குப் போனபோது பாட்டும் கூடவே போனது. உங்கள் மகள் அதை இரண்டு இடத்திலும் கேட்க வேண்டும். அதனால்தான் பாதியில் கிளம்பாதீர்கள் என்கிறேன்.

ஜெர்சி சிட்டி:

நியூயார்க்கிலும் முடியும், ஆனால் யாங்கீ ஸ்டேடியத்திலிருந்து 4-ஆம் எண் வண்டியில் கிராண்ட் சென்ட்ரல் வந்து, சிட்டி ஃபீல்டுக்கு 7-இல் மாற வேண்டும். 2000 ஜூலை 8 அன்று அந்த ஊரின் இரண்டு அணிகளான யாங்கீஸும் மெட்ஸுமே அப்படி ஆடினார்கள்: மதியம் மெட்ஸின் அப்போதைய ஷே ஸ்டேடியத்தில், இரவு யாங்கீ ஸ்டேடியத்தில். இரண்டிலும் யாங்கீஸ் 4-2.

சார், சிகாகோவில் இரண்டு ஸ்டேடியத்துக்குமே கூரை கிடையாது. கப்ஸ் டிக்கெட்டை இப்போதே எடுங்கள். சாக்ஸ் டிக்கெட்டை அன்று காலை வானிலை பார்த்துவிட்டு எடுக்கலாம்.

இண்டியானாபொலிஸ் அப்பா:

ரொம்ப நன்றி. மனைவியும் இப்போது வருகிறேன் என்கிறார்! இன்னொன்று: நாங்கள் சைவம். அங்கே என்ன கிடைக்கும்?

ரெட் லைன் வாசி:

சாக்ஸ் ஸ்டேடியத்தில் எலோட்டே கேளுங்கள். சோளத்தைச் சீவிக் கப்பில் போட்டு, வெண்ணெய், சீஸ், மிளகாய்ப்பொடி, எலுமிச்சை சேர்த்துக் கண்முன்னே கலந்து தருவார்கள். மயோனைஸும் போடுவார்கள், முட்டை சேர்க்காதவர்கள் என்றால் முதலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மேட்ச் தொடங்குமுன் வாங்கிவிடுங்கள், பிறகு வரிசை நீளும்.

உள்ளே போகுமுன் 35-ஆம் தெருவுக்கு வடபக்கப் பார்க்கிங்கில் சாக்ஸின் பழைய ஸ்டேடியமான காமிஸ்கி பார்க்கின் ஹோம் பிளேட் (பேட்டர் நின்று அடிக்கும் இடம்) இருந்த இடத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள், மகளை அங்கே நிற்க வைத்துப் படம் எடுங்கள். வெள்ளிக்கிழமை இரவுகளில் பெரும்பாலும் மேட்ச் முடிந்த பிறகு வாணவேடிக்கை உண்டு. தாமதமாகுமே என்று பார்க்க வேண்டாம், ரெட் லைன் இரவு முழுக்க ஓடும்.