3-9 போதுமா, 5-25 வேண்டுமா? மச்சானின் ஸ்கோப் பிரச்சினை

ஆரையம்பதியான்:
மச்சான் ஒருத்தன் ஆஸ்திரேலியாவில், விக்டோரியாவின் கிப்ஸ்லாண்ட் பக்கம் இருக்கிறான். முறையாக லைசென்ஸ் எடுத்து .308 அளவுத் துவக்கு வாங்கியிருக்கிறான், இப்போது லீவில் ஊருக்கு வந்து நிற்கிறான், வாயைத் திறந்தால் ஸ்கோப் (துவக்கில் பூட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கி) கதைதான். அவனுக்கு இரண்டு தேவை: கிளப்பில் 300 முதல் 500 மீற்றர் வரை குறி அட்டைக்குச் சுடுவது, மலைக்காட்டில் மரை (கடமான்) வேட்டை. கடைக்காரன் 5-25×50 (5 முதல் 25 மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 50 மில்லிமீற்றர்) எஃப்.எஃப்.பி வகை ஒன்றைக் காட்டி இதுதான் எல்லாத்துக்கும் என்கிறான். கூட வேட்டைக்குப் போகிறவரோ 3-9×40 போதும், மிச்சக் காசுக்குத் தோட்டா வாங்கு என்கிறார். வெளிநாட்டில் சுட்டுப் பழகிய ஆட்கள் இங்கே இருக்கிறீர்கள், சொல்லுங்கள், அவனுக்குக் காட்டுகிறேன்.

வெல்லாவெளி வேளாண்மைக்காரன்:
மரை வேட்டையா? தம்பி, இங்கே 1937ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் என்று ஒன்று இருக்கு, மரையைத் தொட்டால் உள்ளேதான்.

ஆரையம்பதியான்:
அண்ணன், இங்கே இல்லை, விக்டோரியாவில். அங்கே மரை வெளியிலிருந்து கொண்டுபோய் விட்ட மிருகம், சட்டப்படி சுடலாம்.

கல்லடி அத்தான்:
அதுவும் 1860களில் கொண்டுபோய் விட்டது, இலங்கையிலிருந்தும் போனது. நம்மட மரைதான் மனே அங்கே பெருகிக் கிடக்கு.

சரி, விசயத்துக்கு வருவம். நான் அந்தக் காட்டில் நிறைய வருசம் நடந்தவன். அங்கே மரை வெட்டவெளியில் வந்து நிற்காது, பள்ளத்துப் பற்றைக்குள் ஒரு காது, ஒரு முதுகுத் துண்டு தெரியும், பெரும்பாலும் 150 மீற்றருக்குள். அந்த நேரத்தில் தேவை பெரிய படம் இல்லை, அகலமான படம். 3 பவரில் 100 மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 10 மீற்றர் அகலம் தெரியும். 5 பவரில் தொடங்குகிற ஸ்கோப்பில் அது 7, 8க்கு இறங்கிவிடும், துவக்கைத் தோளில் வைத்துவிட்டு மிருகத்தைத் தேடிக்கொண்டிருப்பாய். எடையையும் பார். நல்ல 3-9×40 ஒன்று 350 முதல் 450 கிராம், கடைக்காரன் காட்டிய சாமான் 900 கிராமுக்குக் கிட்ட வரும். விடியமுதல் இருட்டும் மட்டும் மலை ஏறி இறங்குகிறவனுக்கு அந்த அரைக் கிலோ சின்ன விசயமில்லை. வெளிச்சக் கணக்கு வேறு இருக்கு. அங்கே சூரியன் உதிக்க அரை மணி முன்னிருந்து மறைந்து அரை மணி வரைதான் சுட அனுமதி, மரை வருவதும் அந்த இரண்டு ஓரத்தில்தான். 50 மில்லிமீற்றர் கண்ணாடியை 25 பவரால் பிரித்தால் கண்ணுக்கு வரும் ஒளி வட்டம் 2 மில்லிமீற்றர். 40ஐ 6ஆல் பிரித்தால் 6.7. எது நல்லது என்று அவனே பார்க்கட்டும்.

சம்மாந்துறை எஞ்சினியர்:
அத்தான், கணக்கை ஒரு பக்கமாகவே போடுறீங்க. 5-25ஐ வாங்கினவன் அந்தி நேரத்தில் 25லேயே வைத்துக்கொண்டு நிற்பானா? 8க்குத் திருப்பினால் 50ஐ 8ஆல் பிரிக்க 6.25, உங்கட 3-9க்குச் சமமாக வந்துவிட்டதே. பெரிய ஸ்கோப் இருட்டு என்பது வீண் கதை.

நான் கனடாவில் ரேஞ்சில்தான் சுடுவேன், வேட்டை இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். .308இல் 168 கிரெய்ன் (எடை அளவு) சன்னம், 100 மீற்றருக்கு சீரோ பண்ணினால் (குறி வைத்த இடத்திலேயே சன்னம் படச் சரிசெய்தால்), 300 மீற்றரில் ஏறத்தாழ அரை மீற்றர் கீழே விழும், 500இல் இரண்டு மீற்றருக்குக் கிட்ட. இரண்டு மீற்றர் என்பது 500இல் 4 மில் (ஒரு மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), குறியை ஏற்றி இறக்கும் குமிழில் (டரட்) ஒரு கிளிக் 0.1 மில் என்றால் 40 கிளிக். சாதாரண வேட்டை ஸ்கோப்பில் டரட்டுக்கு மூடி போட்டிருப்பான், சீரோ பண்ணிவிட்டு மூடி வைக்கிறதுக்குச் செய்தது அது, நாள் முழுக்கத் திருப்பித் திருப்பிப் பாவிக்க அல்ல. பரலக்ஸும் (தலை அசையக் குறி விலகித் தெரிகிற பிழை) 100 யார் பக்கத்துக்குச் சரிசெய்து நிலையாக வைத்துத்தான் வரும். 500இல் தலை கொஞ்சம் அசைந்தால் குறி அட்டையில் நகரும், ஆள் காற்றைத் திட்டிக்கொண்டிருப்பான்.

எஃப்.எஃப்.பி ஏன் என்று தெரியாத ஆட்களுக்கு: அதில் குறுக்குக் கோடு பவரோடு சேர்ந்து பெருக்கும், அதனால் ஒரு மில் கோடு எந்தப் பவரிலும் ஒரு மில்தான். எஸ்.எஃப்.பி என்கிற மற்ற வகையில் கோடு அப்படியே நிற்கும், அளவு பெரும்பாலும் உச்சப் பவரில் மட்டும் சரி. பாதிப் பவருக்கு இறக்கினால் ஒரு கோடு இரண்டு மில் ஆகிவிடும். அவசரத்தில் அதை மறந்தால் மிருகத்துக்குக் காயம்தான் படும், விழாது.

கல்லடி அத்தான்:
சரி, 8க்குத் திருப்பினாய். இப்போது உன் எஃப்.எஃப்.பி கோடு என்னாகும்? 25இல் அழகாகத் தெரிந்த கோடு 8இல் மயிர் போல ஆகும், 5இல் பற்றைக்குள் காணவே மாட்டாய். 150 மீற்றரில் மில்லை எண்ணுகிறவன் யார்? அந்தத் தூரத்தில் நேரே நெஞ்சுக்கு வைத்தால் போதும்.

சம்மாந்துறை எஞ்சினியர்:
ஒளிரும் கோடு என்று ஒன்று வந்து எத்தனை காலம்.

கல்லடி அத்தான்:
மழைக்குள் பெட்டரி செத்துப்போன ஆட்களையும் கண்டிருக்கிறேன்.

அம்பாறை ஐம்பது மீற்றர்:
இரண்டு பேரும் கோபிக்காதேங்கோ. டோக்கியோ ஒலிம்பிக்கில் நம்ம நாட்டு தெஹானி எகொடவெல சுட்ட 10 மீற்றர் எயார் ரைபிளில் ஸ்கோப்பே கிடையாது, சின்ன ஓட்டையால் பார்க்கும் குறிதான். 50 மீற்றரும் அப்படித்தான். குறி வைக்கிற, மூச்சு விடுகிற, விசை இழுக்கிற பழக்கம் வராமல் 25 பவரில் பார்த்தால் தன் நாடித்துடிப்பைத்தான் பெரிதாகக் காண்பான். வெயில் ஏறினால் 20க்கு மேல் பவரில் அட்டை தண்ணீருக்கடியில் கிடப்பது மாதிரி ஆடும், அனேகம் பேர் 15க்கு இறக்கிவிட்டுத்தான் சுடுவார்கள். 500 மீற்றரில் மணிக்கு 16 கிலோமீற்றர் குறுக்குக் காற்று .308 சன்னத்தை அரை மீற்றருக்கு மேல் தள்ளும், அதை எந்தக் கண்ணாடியும் சொல்லித்தராது.

வெல்லாவெளி வேளாண்மைக்காரன்:
எங்கட வட்டைக்குள் யானை வந்தால் வெடிதான் கொளுத்துவம், ஸ்கோப் யாருக்கு வேணும். ஆனாலும் வாசிக்க நல்லா இருக்கு, நடத்துங்கோ.

ஆரையம்பதியான்:
மச்சான் பக்கத்தில் இருந்து வாசிக்கிறான். அவன் கேட்கிறது: நடுவில் 3-15×44 மாதிரி ஒன்று எடுத்தால் இரண்டு பேரும் ஒத்துக்கொள்வீர்களா? குழாய் 30 மில்லிமீற்றர், 34ஆ?

கல்லடி அத்தான்:
3இல் தொடங்கினால் எனக்குப் பேச்சில்லை, எடை 700 கிராமுக்குள் இருக்கட்டும். குழாய் பெருத்தால் வெளிச்சம் கூடும் என்று கடையில் சொல்வான், நம்பாதே, கூடுவது டரட்டைத் திருப்புகிற இடம் மட்டும்தான். 4 மில்லுக்கு 30 தாராளம். கோடு எஸ்.எஃப்.பியாகவே எடு.

சம்மாந்துறை எஞ்சினியர்:
30க்குச் சம்மதம், எஸ்.எஃப்.பிக்கு இல்லை. 3-15இல் நடுக்கோடு தடிப்பான எஃப்.எஃப்.பி கிடைக்கும், தேடச் சொல்லுங்க. கோடு மில் என்றால் டரட்டும் மில்லாகவே இருக்கணும், கோடு மில்லும் டரட் எம்.ஓ.ஏயுமாக (இன்னொரு கோண அளவு, ஒரு மில்லுக்கு 3.44) வாங்கினால் ரேஞ்சில் உட்கார்ந்து 3.44ஆல் பெருக்கிக்கொண்டிருப்பான். பக்கத்தில் பரலக்ஸ் குமிழ் இருக்குதா என்றும் பார்க்கட்டும்.

அம்பாறை ஐம்பது மீற்றர்:
மலிவான ரிங்கில் (ஸ்கோப்பைத் துவக்கோடு பிடிக்கும் வளையம்) பூட்டவேண்டாம். ஆணியைக் கையால் முறுக்காமல் முறுக்கு அளவு காட்டும் டோர்க் திருகி ஒன்று கடன் வாங்கச் சொல்லுங்கோ. பூட்டுமுன் கண்ணை மூடித் துவக்கைத் தோளில் வைத்து, திறந்ததும் முழு வட்டம் தெரிகிற இடத்தில் ஸ்கோப்பை நிறுத்தணும். .308 உதைக்கிற உதைக்குக் கண்ணிலிருந்து 9 சென்ரிமீற்றராவது தள்ளி இருக்கணும்.

கல்லடி அத்தான்:
மரைக்கு அங்கே சட்டப்படி .270க்குக் குறையக்கூடாது, சன்னம் 130 கிரெய்னுக்குக் குறையக்கூடாது. .308 இருக்கிறபடியால் அந்தக் கவலை இல்லை. ரேஞ்சில் பாவிக்கிற சன்னத்தையே காட்டுக்குக் கொண்டுபோகவேண்டாம் என்று சொல்லு, விரிந்து கொல்கிற வேட்டைச் சன்னம் வேறு, அது விழுகிற இடமும் வேறு, அதற்குத் தனியாகச் சுட்டு எழுதி வைக்கணும்.

சம்மாந்துறை எஞ்சினியர்:
அப்போ இரண்டு சன்னத்துக்கு இரண்டு சீரோ. டரட்டில் எண் தெளிவாக இருக்கிற ஸ்கோப் வேணும் என்று நான் சொல்றது இதுக்குத்தான் அத்தான்.