76 மார்க் ரேடியோ: மக்கள் நம்பினார்களா, நம்பியதாகக் காட்டிக்கொண்டார்களா?

வால்வுசெட்:
பழைய ரேடியோ சேர்க்கும் நண்பர் வீட்டில் போன வாரம் ஒரு ஃபோல்க்ஸ்எம்ப்ஃபெங்கர் பார்த்தேன். ஹிட்லர் காலத்து 'மக்கள் ரேடியோ'. கறுத்த பேக்கலைட் பெட்டி, மேலே துணி போர்த்திய வட்ட ஸ்பீக்கர், கீழே உள்ளங்கையில் அடங்குகிற டயல், முகப்பில் கழுகுச் சின்னம். மாடல் பெயர் வி.இ. 301. அந்த 301 என்ன தெரியுமா? ஜனவரி 30. 1933-இல் ஹிட்லர் பிரதமரான தேதி. பெட்டியின் நம்பரிலேயே கட்சிப் பிரச்சாரம்!

1933 ஆகஸ்டில் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் வெளியிட்டார்கள். விலை 76 மார்க், ஒரு தொழிலாளியின் இரண்டு வாரச் சம்பளம் அளவு. கம்பெனி எதுவானாலும் ஒரே டிசைன், ஒரே விலை. 1938-இல் இன்னொரு சின்ன செட் 35 மார்க்குக்கு வந்தது. அதற்கு ஜனங்கள், ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் பெயரில், வைத்த பட்டப்பெயர் 'கோயபல்ஸ் மூஞ்சி'. 1933-இல் நாற்பது லட்சத்துச் சொச்சம் ரேடியோ இருந்த நாட்டில், போர் நடக்கும்போது எண்ணிக்கை ஒன்றரைக் கோடியைத் தாண்டிவிட்டது. வெளிநாட்டு நிலையம் எதுவும் எடுக்காதபடிதான் அந்த செட்டைச் செய்தார்கள். காலையில் எழுந்தால் ஒரே குரல், படுக்கப் போனால் அதே குரல். ஒரு பொய்யை நூறு தடவை சொன்னால் உண்மையாகிவிடும் என்று கோயபல்ஸ் சும்மாவா சொன்னார்? ஒரு நாட்டையே பைத்தியமாக்கியது இந்தப் பெட்டிதான் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

பொன்னி:
வந்துவிட்டேன் சார். முதலில் அந்த நூறு தடவை வசனம். கோயபல்ஸ் அப்படிச் சொன்னதாக அவருடைய பேச்சிலிருந்தோ எழுத்திலிருந்தோ இதுவரை யாரும் எடுத்துக் காட்டவில்லை. நூறு தடவை சொல்லிச் சொல்லியே நாம் அதை உண்மையாக்கிவிட்டோம். :)

விஷயத்துக்கு வருகிறேன். 1933-க்கு முன்பும் ஜெர்மனியில் ரேடியோ இருந்தது. ஆனால் அது வைமார் குடியரசு அரசின் கையில் இருந்தது. நாஜிகளுக்கு அதில் அநேகமாக இடமே கிடையாது. அடேனா, ஷுரவ்ஸ்கயா முதலான ஐந்து பொருளாதார ஆய்வாளர்கள் ஊர் ஊராக ரேடியோ சிக்னல் எவ்வளவு பலமாகக் கிடைத்தது என்று கணக்குப் போட்டு, தேர்தல் முடிவுகளோடு ஒப்பிட்டு, 2015-இல் வெளியிட்டார்கள். ஹிட்லர் வருவதற்கு முன்பு ரேடியோ நன்றாக எடுத்த ஊர்களில் நாஜி ஓட்டு வளர்வது மட்டுப்பட்டிருக்கிறது. ஆட்சி கைக்கு வந்ததும், சில வாரங்களிலேயே நிலைமை தலைகீழ்.

இதுவரை உங்களுக்குச் சாதகம்தான். அடுத்தது எனக்கு. யூத வெறுப்புப் பிரச்சாரம் எங்கே பலித்தது என்று பார்த்தார்கள். ஏற்கெனவே யூத வெறுப்பு ஊறிப்போன ஊர்களில் பலித்தது. அப்படிப்பட்ட பழைய பகை இல்லாத ஊர்களில் எதிர்விளைவே உண்டானது, வெறுப்பு குறைந்தது! ஆக, பெட்டி யாரையும் புதிதாகப் பைத்தியமாக்கவில்லை. உள்ளே இருந்ததற்குத் தைரியம் கொடுத்தது, அவ்வளவுதான்.

வால்வுசெட்:
சரி, நல்ல தகவல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வது ஆட்சியின் ஆரம்பக் காலம். அப்புறம் பன்னிரண்டு வருஷம் வரை அது ஓடியதை என்ன செய்வீர்கள்? தெருவுக்குத் தெரு கட்சியின் 'ரேடியோ கண்காணி' இருந்தான். தலைவர் பேசினால் ஃபேக்டரியில் மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் நின்று கேட்க வேண்டும். இந்தச் சூழலில் பத்து வயதில் நுழைந்த பையன் இருபத்திரண்டு வயதில் எப்படி வெளியே வந்திருப்பான்? அவனுக்குப் 'பழைய ஊர்' என்று ஒன்று ஏது?

சும்மா வந்தவன்:
ஜெர்மனி வரைக்கும் எதற்கு? எமர்ஜென்சியில் ஆல் இந்தியா ரேடியோவை 'ஆல் இந்திரா ரேடியோ' என்றுதானே சொன்னார்கள். 77 பிப்ரவரியில் டெல்லியில் எதிர்க்கட்சிக் கூட்டத்துக்கு ஆள் போகக் கூடாது என்று அதே ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் ஹிட்டான இந்திக் காதல் படம் ஒன்றைப் போட்டார்கள். மைதானம் அப்படியும் நிரம்பி வழிந்தது. அடுத்த மாதம் ஆட்சியும் போச்சு. டிவியாவது ரேடியோவாவது!

கடல்கடந்தவன்:
அண்ணே, அந்தப் படம் போட்ட கதையில்தான் விஷயமே இருக்கிறது. கத்துவதைவிட வேடிக்கை காட்டுவது வலிமையான ஆயுதம். அன்றைக்கு டெல்லியில் பலிக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் துணி வியாபாரத்துக்காக குவாங்சௌவில் ஆறு வருஷம் இருந்தேன். கூகுள் கிடையாது, யூடியூப் கிடையாது. என் போனில் அந்தத் தடைச் சுவரைத் தாண்ட உதவும் வி.பி.என். உண்டு, ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து சீட்டுப் பையன் எம்.ஏ. படித்தவன், ஆங்கிலம் வரும். "வேண்டுமா, போட்டுத் தரட்டுமா" என்று ஒரு நாள் கேட்டேன். பயப்படுவான் என்று நினைத்தேன். அவன் சாவகாசமாக நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே, "அங்கே அப்படி என்ன இருக்கு?" என்றான். பயமில்லை, வெறுப்பில்லை. தேவைப்படவில்லை. பார்க்க சீரியல், வாங்க கடை, காசு அனுப்ப வழி, எல்லாம் சுவருக்கு உள்ளேயே இருக்கிறதே!

அங்கே காசுக்குப் பதிவு போடுகிறவர்களுக்கு 'வூமாவோ' என்று பெயர். பதிவு ஒன்றுக்கு அரை யுவான் என்று கேலி. நம் பாஷையில் எட்டணா கோஷ்டி. ஜியாங்சி மாகாணத்தில் ஒரு மாவட்டப் பிரச்சார அலுவலகத்தின் மின்னஞ்சல்கள் வெளியே கசிந்தன. அவற்றில் கிடைத்த 43,000-க்கும் மேற்பட்ட பதிவுகளை ஹார்வர்டின் கேரி கிங்கும் இன்னும் இருவரும் அலசினார்கள். பெரும்பாலும் காசுக்கு எழுதியவர்கள்கூட இல்லை, அரசு ஊழியர்களே. வருஷத்துக்குச் சுமார் 44.8 கோடி பதிவுகள் இப்படி வருவதாக நாடு முழுவதற்கும் மதிப்பிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் யாரோடும் சண்டை போடுவதில்லை. அரசை ஒருவன் திட்டினால் பதில் சொல்வதில்லை. எங்காவது கொந்தளிப்பு வரும்போல் தெரிந்தால் உடனே தியாகிகளுக்கு வணக்கம், நம் நகரம் எவ்வளவு அழகு என்று பேச்சைத் திருப்பிவிடுவார்கள். கல்யாண வீட்டில் சண்டை வந்தால் நாதஸ்வரத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்வதுபோல.

பொன்னி:
இதைத்தான் சொல்ல வந்தேன். உங்கள் நூடுல்ஸ் நண்பரைப் பற்றி ஆராய்ச்சியே உண்டு. பெய்ஜிங்கில் ஏறக்குறைய 1,800 கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தார்கள், 2019-இல் வெளிவந்தது. தடையைத் தாண்டும் வசதியை ஒரு பகுதியினருக்கு 18 மாதம் இலவசமாகக் கொடுத்தார்கள். பாதிப் பேர் அதைத் தொடவே இல்லை. தொட்டவர்களும் வெளிநாட்டுச் செய்தி பக்கம் அவ்வளவாகப் போகவில்லை. ஆக, பெட்டி பொய் சொல்லி மயக்குகிறது என்ற கதை சரியில்லை, வால்வுசெட் சார். ஜனங்களுக்கு அக்கறை இல்லை. ஆட்சி அதில் குளிர்காய்கிறது.

வால்வுசெட்:
மேடம், பாதி ஆராய்ச்சியைச் சொல்லிவிட்டு மீதியை முந்தானையில் முடிந்துகொண்டால் எப்படி? நானும் அதைப் படித்தேன். மாணவர்களில் ஒரு பிரிவுக்கு வெளிநாட்டுச் செய்தியிலிருந்து கேள்விகள் கேட்டு, சரியான பதிலுக்குக் காசு கொடுத்தார்கள். நாலு மாதம்தான். அந்தச் சில்லறைக்காகப் படிக்க ஆரம்பித்தவர்கள், காசு நின்ற பிறகும் நிறுத்தவில்லை. இலவசம் முடிந்ததும் சொந்தக் காசைப் போட்டுத் தொடர்ந்தவர்களும் உண்டு. அவர்களுடைய அபிப்பிராயமும் மாறியது. அக்கறை இல்லாதவன் இப்படிச் செய்வானா? அவனுக்கு ருசி தெரியாமல் வைத்திருந்தார்கள். அக்கறையின்மை என்று நீங்கள் சொல்வதே அந்தச் சுவர் தயாரித்த சரக்கு. 'அங்கே அப்படி என்ன இருக்கு' என்று கேட்க வைப்பதைவிடப் பெரிய மூளைச்சலவை வேறென்ன?

கடல்கடந்தவன்:
அண்ணே, இந்த இடத்தில் நான் கொஞ்சம் உங்கள் பக்கம் சாய்கிறேன். அந்தப் பையனுக்கு 1989 ஜூன் 4, தியானன்மென் சதுக்கத்துப் போராட்டத்தை ராணுவம் சுட்டு அடக்கியது பற்றித் தெரியுமா தெரியாதா என்று ஆறு வருஷத்திலும் எனக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. ஜூன் 4 என்று எழுதினால் அழித்துவிடுவார்கள் என்று மே 31-க்கு மேல் நாலு நாள் எண்ணி 'மே 35' என்று எழுதுகிற ஊர் அது.

பொன்னி:
உள்ளது. மீதியைச் சொல்லாமல் விட்டது என் தப்புதான். ஆனால் ருசி தெரிந்தால் கலகம் வரும் என்ற கணக்கும் உதைக்கிறதே! கிழக்கு ஜெர்மனியைப் பாருங்கள். மேற்கு ஜெர்மன் டிவி அங்கே அநேகமாக எல்லா வீட்டிலும் எடுத்தது. 1961-இல் கட்சியின் இளைஞர் படை கூரை ஏறி, மேற்கே பார்த்த ஆன்டெனாக்களைத் திருப்பியும் பிடுங்கியும் பார்த்தது. பலிக்கவில்லை. 1973-இல் கிழக்கு ஜெர்மனிக் கட்சித் தலைவர் ஹோனெக்கரே, அவரவர் இஷ்டம்போலப் போட்டுக்கொள்ளலாம் என்ற அர்த்தத்தில் பேசிவிட்டார். பள்ளத்தில் இருந்த டிரெஸ்டன் பகுதிக்குச் சிக்னல் எட்டவில்லை. அதற்கு 'ஒன்றும் அறியாதவர் பள்ளத்தாக்கு' என்றே பெயர். மேற்கைப் பார்க்காத டிரெஸ்டன்காரர்கள்தானே அரசு சொன்னதை நம்பி அமைதியாக இருந்திருக்க வேண்டும்? நாட்டைவிட்டுப் போக அனுமதி கேட்டு மனுப் போட்டவர்கள் அங்கேதான் அதிகம். மேற்கு டிவி பார்த்தவர்களுக்கு ஆட்சியின் மீது ஓரளவு திருப்தியே இருந்தது என்று கெர்ன், ஹைன்முல்லர் இருவரும் 2009-இல் எழுதினார்கள். ராத்திரியானால் மேற்கத்திய சீரியல் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்களாம். எதிரி நாட்டு டிவியே ஆட்சிக்குத் தாலாட்டு பாடியிருக்கிறது.

வால்வுசெட்:
தாலாட்டு சரி. 1989 நவம்பர் 9 ராத்திரி அந்தக் குழந்தையை எழுப்பியது யார்? சாயங்காலம் பத்திரிகையாளர் கூட்டத்தில் கிழக்கு ஜெர்மனிக் கட்சிப் பேச்சாளர் ஷபோவ்ஸ்கி ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு, பயணக் கட்டுப்பாடு உடனே நீங்குகிறது என்று உளறினார். எட்டு மணி மேற்கு ஜெர்மன் செய்தியில் 'எல்லை திறக்கிறது' என்றார்கள். பத்தரைக்கு மேல் வந்த அடுத்த செய்தியில், கதவு அகலத் திறந்துகிடக்கிறது என்றார்கள். அப்போது உண்மையில் திறக்கவே இல்லை! அதையெல்லாம் கேட்டவர்கள் பெர்லின் சுவரில் இருந்த போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியில் குவியக் குவிய, பதினொன்றரை வாக்கில் காவலர்கள் வேறு வழியில்லாமல் தடுப்பைத் தூக்கிவிட்டார்கள். உங்கள் தாலாட்டு டிவிதான்.

பொன்னி:
அந்த ராத்திரிக்கு ஒரு மாதம் முன்பே கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரத் தெருவில் ஆட்சியை எதிர்த்து எழுபதாயிரம் பேர் நடந்துவிட்டார்கள், சார். டிவி எழுப்பவில்லை, எழுந்தவர்களுக்கு வழி சொன்னது.

சும்மா வந்தவன்:
ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்றீங்க.

பொன்னி:
இல்லை. அவர் பெட்டியை உடைத்தால் போதும் என்கிறார். நான் பெட்டி இல்லாவிட்டாலும் அந்த ஊர் அப்படித்தான் இருந்திருக்கும் என்கிறேன். நிறைய வித்தியாசம் இருக்கிறது.

சாலிடரிங் சாமி:
தாமதமாக வருகிறேன். சர்க்யூட் தெரிந்தவன் என்ற முறையில் ஒரே ஒரு திருத்தம். மக்கள் ரேடியோவில் வெளிநாட்டு நிலையம் எடுக்காது என்று முதல் பதிவில் இருக்கிறது. தப்பு. சாதாரண ரீஜெனரேட்டிவ் செட் அது, வாங்கிய சிக்னலையே திரும்ப உள்ளே விட்டுப் பெருக்கிக்கொள்ளும் எளிய வகை. மீடியம் வேவ், லாங் வேவ் இரண்டும் உண்டு. ராத்திரியில் நல்ல ஏரியல் கட்டினால் லண்டன் தாராளமாக விழும். எடுக்காது என்றால், வெளிநாட்டு நிலையம் கேட்பது குற்றம் என்று 1939 செப்டம்பரில், போர் ஆரம்பித்த கையோடு சட்டம் எதற்கு? கேட்டால் சிறை, கேட்டதைப் பரப்பினால் மரண தண்டனை வரை போகலாம். ரேடியோவில் மாட்டிவைக்க ஒரு சின்ன அட்டை கொடுத்தார்கள். நிலையம் மாற்றும் திருகில் மாட்ட நடுவில் ஓட்டை. 'நினைவிருக்கட்டும், வெளிநாட்டு நிலையம் கேட்பது தேசத்தின் பாதுகாப்புக்கு எதிரான குற்றம்' என்கிற மாதிரி வாசகம். ஒவ்வொரு தடவை திருகும்போதும் விரலில் அது படும். அப்படியும் கேட்டார்கள், கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு.

வால்வுசெட்:
ஐயா, அது நான் காதில் விழுந்ததை அப்படியே எழுதியது. தப்புதான், முதல் பதிவில் திருத்திவிடுகிறேன். கம்பளிக்குள் கேட்டவர்களைச் சொன்னதும் என் வாதம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அட்டை அச்சடிக்க வேண்டி வந்தது என்றால், கேட்டால் மனசு மாறும் என்று அவர்களே நம்பியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

நண்பர் வீட்டு செட்டில் அந்த அட்டை இல்லை. எப்போதாவது இருந்ததா, யார் கழற்றினார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.