தம்பியின் ஞாபகத்துக்கும் கவனத்துக்கும் பயிற்சி: திருச்சி பக்கம் யாராவது இருக்கிறார்களா?

வணக்கம். என் தம்பிக்கு 27 வயது, திருச்சியில் இருக்கிறோம். 2019-இல் கல்லூரி விடுதியில் இருந்தபோது ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) என்று தெரிந்தது. குரல் கேட்பதும் சந்தேகமும் மருந்தில் அடங்கிவிட்டன. ஞாபகமும் கவனமும்தான் திரும்பவில்லை. கடைக்கு அனுப்பினால் சொன்னதில் பாதி மறந்துவிடுகிறது. ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் மேலே இருந்தது நினைவில் இல்லை. சொந்தக்காரர்கள் சோம்பேறி என்கிறார்கள். இது நோயின் ஒரு பகுதி. அவன் எவ்வளவு முயல்கிறான் என்று தினமும் பார்க்கிறேன்.

இரவில் ரிஸ்பெரிடோன் 4 மி.கி. எடுக்கிறான். கை நடுக்கத்துக்குக் கொடுத்த டிரைஹெக்சிபெனிடில் ஞாபகத்தை மந்தமாக்கலாம் என்று மருத்துவர் அதை மெல்லக் குறைத்தார். கொஞ்சம் தெளிவு வந்தது, அவ்வளவுதான். தைராய்டு, பி12 இரண்டும் சரியாக இருக்கின்றன. விடுதியில் தொற்றிய கஞ்சாவை முழுக்க விட்டுவிட்டான். பிறந்தபோது மூச்சுத்திணறலும் இருந்தது. கஞ்சாவும் அந்த மூச்சுத்திணறலும் இந்த நோய்க்கான ஆபத்துக் காரணிகள் என்று கேட்டதிலிருந்து அம்மா தன்னையே குறை சொல்கிறார். எந்த ஒரு காரணியும் தனியாக இந்த நோயைக் கொண்டுவராது என்று சொல்லியும் மனசு ஆறவில்லை.

போனில் ஞாபக விளையாட்டுகளும் பார்த்தாயிற்று. விளையாட்டில் மதிப்பெண் ஏறுகிறது, கடைக்குப் போனால் அதே மறதி. சென்னை ஸ்கார்ஃப், பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகிய மனநல மையங்கள் பற்றித் தெரியும். அங்கே போய்த் தங்க வீட்டு நிலைமை இடம் தரவில்லை.

திருச்சி, தஞ்சாவூர், மதுரை பக்கம் காக்னிட்டிவ் ரெமடியேஷன் (ஞாபகம், கவனம் போன்ற திறன்களை மீட்கும்) பயிற்சியை வாராவாரம் நேரில் தருகிற மனநல உளவியலாளர் யாரையாவது தெரியுமா?